பூஜ்யம் காட்டிய கை

ஒரு கரண்டி வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை வாங்காமல் என்னென்னவோ வாங்கினார்கள். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆஸ்பத்திரியின் எட்டாம் வார்டில், நாலாம் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, கூடாமல், மாதக்கணக்காகக் கிடப்பவர். அவருக்கு சீலியாக் என்றொரு வியாதி உண்டு. கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனாலும் அவர் உடம்பு தன் குடலையே பகையாளியாக நினைத்துத் தாக்கும். ஒருநாள் சமையலறையில் மாவு போட்டுக் கெட்டியாக்கிய சூப்பைக் கிளறின கரண்டியாலேயே அவருடைய சூப்பையும் கிளறிவிட்டார்கள். மனிதர் நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார். எழுந்து உட்கார்ந்ததும் ஒரு தாள் கேட்டு வாங்கி, "எனக்கென்று தனியாக ஒரு கரண்டி வைக்கவும்" என்று எழுதிக் கொடுத்தார்.

நியாயமான கோரிக்கை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டதால் அது குழுவுக்குப் போயிற்று. குழு இரண்டு மாதம் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் பதினாலு பேர் கொண்ட துகள் தடுப்புப் பிரிவு ஒன்றைப் பெற்றெடுத்தது. ஆஸ்பத்திரி முழுவதும் குளூட்டன் துகளற்ற வளாகம் என்று அறிவிக்கப்பட்டது. வாசலில் மஞ்சள் கோடு போட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மேஜை வந்தது, மேஜைமேல் ஒரு இயந்திரம், இயந்திரத்துக்குப் பின்னால் பஞ்சுக்குச்சிகளோடு ஒரு அம்மாள். உள்ளே போகிறவர்களின் கையைத் துடைத்து இயந்திரத்துக்குள் வைத்தால் எண் காட்டும். இருபதுக்குள் இருந்தால் உள்ளே. தாண்டினால் வெளியே. கரண்டியை மட்டும் வாங்கவில்லை. அதற்கான கோப்பு தனியாக நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த மேஜை போட்ட முதல் நாள்தான் மாவாண்டி வந்து மாட்டினான்.

மாவாண்டி என்பது அவன் அக்கா வைத்த பெயர். நாற்பத்தேழு வயசு ஆளை வேறு யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். ரொட்டி பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணிலும் காது மடலிலும் மாவு இருக்கும். அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அந்த அக்காதான். கல்யாணம் அவளுக்கும் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. இருவருமாக ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

போன மாசம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, அதே எட்டாம் வார்டில் சேர்த்திருந்தார்கள். பேச்சு போயிற்று. முகங்களும் போயின. கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் எதிரில் நிற்பது டாக்டரா, தம்பியா, தரை துடைக்கிறவரா என்று பிடிபடுவதில்லை. ஸ்பூனை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். நர்ஸ்கள் கொஞ்சியும் பார்த்தார்கள், அதட்டியும் பார்த்தார்கள். மாவாண்டி வேலை முடிந்து அப்படியே வந்து, மசித்த உருளைக்கிழங்கை விரலில் எடுத்து அவள் முகத்தருகே கொண்டுபோனால் மட்டும், கையை ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாள். அப்புறம் வாயைத் திறப்பாள். கிண்ணம் முழுவதும் காலியாகும். தன் குரல் அவளுக்குப் பிடிபடுகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். முகர்வது ஏதோ பழக்கம், போகட்டும் என்று விட்டுவிட்டான்.

பஞ்சுக்காரம்மா அவன் உள்ளங்கையைத் துடைத்து இயந்திரத்தில் வைத்தாள். எண் ஏறிக்கொண்டே போய் எழுநூற்றுப் பத்தில் நின்றது.

"என்னங்க இது, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள் அவள்.

"நான் மாவு பிசையறவன்மா. எங்க அக்கா சாப்பிடாம காத்துக்கிட்டு இருக்கும். ஊட்டிட்டு வந்துடறேன்."

"உள்ள விட்டா என் வேலை போயிடும். தலைவர்கிட்ட கேளுங்க."

பிரிவுத் தலைவரின் அறை மாடியில் இருந்தது, கோட்டுக்கு வெளியிலிருந்தே படி ஏறிப் போகலாம். மேஜைமேல் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. மாவாண்டியை நாற்காலியில் உட்காரச் சொல்லாமல், அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னார். மாவாண்டி வார்டு டாக்டரம்மாவை வாசலுக்கு அழைத்து எழுதி வாங்கிய சீட்டை நீட்டினான். நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்று, சீலியாக் கிடையாது, துகள் அளவு குளூட்டனால் இவருக்கு எந்தத் தீங்கும் இல்லை, தம்பி ஊட்டினால்தான் சாப்பிடுகிறார் என்று அதில் இருந்தது. தலைவர் அதை ஒரு சாமணத்தால் பிடித்துப் படித்தார்.

"ரொம்ப சரியா எழுதியிருக்காங்க," என்றார். "உங்க அக்காவுக்கு அந்த வியாதி இல்ல. அதான் எங்களுக்குக் கவலையே. வியாதி இருக்கறவருக்குத் துகள் உள்ள போனா வயிறு வலிக்கும், உடனே தெரிஞ்சுடும். வியாதி இல்லாதவங்களுக்கு ஒண்ணுமே ஆகாது. ஒண்ணுமே ஆகலைன்னா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது, சொல்லுங்க?"

"ஒண்ணும் ஆகலைன்னா எதுக்குங்க கண்டுபிடிக்கணும்?"

"இப்படித்தான் எல்லாரும் கேக்கறாங்க," என்று தலைவர் வருத்தப்பட்டார். "பத்து லட்சத்துல இருபது பங்குங்கறது விதி."

"அது சாப்பாட்டுப் பொருளுக்குச் சொன்ன அளவு, கைக்கு இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்களே."

"கை சாப்பாட்டைத் தொடுது இல்ல? அப்ப கையும் சாப்பாடுதான். இதை எங்க குழு ஒன்பது கூட்டம் போட்டு முடிவு பண்ணிச்சு."

மாவாண்டி தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

கீழே வந்தபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே, வார்டின் கண்ணாடிச் சுவர் வழியாக அக்கா தெரிந்தாள். நர்ஸ் ஒருத்தி கிண்ணத்தை வைத்துக்கொண்டு மன்றாடிக்கொண்டிருந்தாள். அக்காவின் மடியில் ஒரு பழைய சால்வை கிடந்தது. வீட்டில் கதவுக்குப் பின்னால் அவன் வேலைச்சட்டையோடு சேர்ந்து தொங்கும் சால்வை. அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு வாய் வாங்கினாள். சரி, பட்டினி கிடக்கவில்லை என்று அவன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் பிரிவுக்காரர்கள் வார்டையே துடைத்துப் பார்த்தார்கள். ஜன்னல், விளக்கு, சுவர்க்கடிகாரம் எல்லாம் தேறிவிட்டன. சால்வை நூற்றறுபது காட்டியது. அதை உறையில் போட்டு, சீல் வைத்து, நோயாளியின் கட்டைவிரல் ரேகையை ரசீதில் வாங்கிக்கொண்டு எடுத்துப்போனார்கள். நோயாளியின் தலைமுடியே இருபத்தெட்டு காட்டியதும் சின்னதாக ஒரு குழப்பம் வந்தது. நோயாளியை வளாகத்திலிருந்து வெளியேற்றுவதா என்று அரைநாள் விவாதித்தார்கள். பிறகு பெரிய மனசு பண்ணி மொட்டையடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மாவாண்டிக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். ஏழு கட்டக் கைகழுவல். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோப்பு, ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு கையெழுத்து. அதோடு துகள் வரலாறு என்று பதினொரு பக்கப் படிவம். கடைசியாக ரொட்டி தின்ற தேதி, தும்மினால் மாவு வருமா, கனவில் மாவு பிசைந்ததுண்டா, இருந்தால் எத்தனை முறை. மாவாண்டி பொய் சொல்லத் தெரியாதவன். கனவுக்கு 'அடிக்கடி' என்று எழுதி வைத்தான். அதற்காக மனநல ஆலோசகரின் சீட்டு வேறு வாங்கிவர வேண்டியதாயிற்று.

முதல் வாரம் முந்நூறு. மாவாண்டி பேக்கரியில் விடுப்பு சொன்னான். இருபத்தாறு வருஷத்தில் முதல் விடுப்பு. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் தொண்ணூறு. தலையை மழித்தான், புருவத்தையும் மழித்தான். கண்ணாடியில் பார்த்தால் அவனுக்கே அவன் யாரோ போலிருந்தான். மூன்றாம் வாரம் நாற்பத்து நாலு. வீட்டுச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தான், பாயையும் தலையணையையும் தூக்கிப் போட்டான், கைத்தோல் வெடித்து ரத்தம் கசிகிற வரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தான். ஒவ்வொரு நாளும் பஞ்சுக்காரம்மா குச்சியை அவன் கையில் வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எரியுதா?" என்று கேட்பாள்.

"எரியட்டும்மா. எண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

சால்வை போனபிறகு அக்கா ஒரு வாய்கூட வாங்கவில்லை. கையில் குளுக்கோஸும் சத்துத் திரவமும் ஏற்றியே நாளை ஓட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தோள் எலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வருவதை மாவாண்டி நின்று பார்ப்பான். அழுகை வரும். கண்ணைத் துடைத்தால் கையில் ஏதாவது ஒட்டுமோ என்று துடைக்கமாட்டான்.

இதற்கிடையில் தையல்காரருக்கு மறுபடி வயிறு கெட்டது. அதே கரண்டி, அதே சூப். அவர் சக்கர நாற்காலியில் பிரிவு அலுவலகத்துக்கே போய்க் கேட்டார். தலைவர் அவரை எழுந்து நின்று வரவேற்றார்.

"நீங்கதான் இந்தப் பிரிவுக்கே பிள்ளையார் சுழி போட்டவர்," என்றார். "ஆனா கரண்டி சமையலறைச் சாமான். நாங்க வளாகம். அவங்க வேலைல நாங்க கை வைச்சா நல்லா இருக்காது."

"அப்ப எனக்கு என்னதான் பண்ணப்போறீங்க?"

"உங்க பேர்ல ஒரு வருடாந்திரச் சொற்பொழிவு வைக்கப்போறோம்."

தையல்காரர் திரும்பி வருகிற வழியில் கண்ணாடிச் சுவர் ஓரம் நின்றிருந்த மாவாண்டியைப் பார்த்து நாற்காலியை நிறுத்தச் சொன்னார். "ஏம்பா, உன்னை என்னால உள்ள விட மாட்டேங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. நீ என் தட்டைத் தொடாம இருந்தா போதும். நான் கேட்டது அவ்வளவுதான்."

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல சார்," என்றான் மாவாண்டி. உண்மையிலேயே இல்லை.

ஐந்தாம் வாரம் இருபத்தொன்று வந்தது. மாவாண்டி மேஜையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்றான். பஞ்சுக்காரம்மா மாடிக்கே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு, காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கி வந்தாள். இருபத்தொன்றை இருபது என்று சொன்னால் நாளைக்கு இருபத்திரண்டை என்னவென்று சொல்வது என்று தலைவர் கேட்டாராம்.

அதற்கு மூன்றாம் நாள், இயந்திரம் பூஜ்யம் காட்டியது. துளிகூட இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் தலைவர் கைக்குக்கூட பூஜ்யம் வந்ததில்லை, நாலு வரும். பஞ்சுக்காரம்மா மூன்று தரம் துடைத்துப் பார்த்தாள். மூன்று தரமும் பூஜ்யம்.

நியாயமாகப் பார்த்தால் மாவாண்டி அந்த நிமிஷமே உள்ளே ஓடியிருக்க வேண்டும். விடவில்லை. அன்றைக்குத் துகளற்ற வளாகத்தின் நூறாவது நாள் விழா. கிடைத்த பூஜ்யக் கையை மேடையில் ஏற்றாமல் விடுவார்களா. மஞ்சள் கோட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, வளாகம் அதற்குள்தானே ஆரம்பிக்கிறது என்று, மூன்றடுக்குக் கேக் வெட்டினார்கள். மாவாண்டி பார்த்ததுமே கண்டுகொண்டான். அது அவன் பேக்கரிக் கேக். அவனுக்குக் கேக்கிலிருந்து ஆறடி தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள்.

தலைவர் பேசினார். "இந்த நூறு நாள்ல வியாதி இல்லாத ரெண்டாயிரத்து முந்நூறு பேரை நாம குளூட்டன்லேருந்து காப்பாத்தியிருக்கோம். ஒருத்தருக்குக்கூட ஒண்ணும் ஆகல. முன்னாடியும் ஒண்ணும் ஆகல, அது வேற விஷயம். ஆனா முன்னாடி அது தற்செயல். இப்ப அது சாதனை." கைதட்டல் ஓய்ந்ததும் மீசையில் ஒட்டியிருந்த கேக் துணுக்கைத் தட்டிவிட்டு, மாவாண்டியின் சட்டையில் ஒரு வில்லையைக் குத்தினார். ஏழு கட்டம் கையைக் கழுவிக்கொண்டு எல்லோருமாக எட்டாம் வார்டுக்குப் புறப்பட்டார்கள். போட்டோக்காரர் முன்னால் ஓடினார்.

அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் வெள்ளை முடி புல் மாதிரி அரும்பியிருந்தது. முப்பத்தெட்டு நாள் கழித்து மாவாண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கிண்ணத்திலிருந்து உருளைக்கிழங்கை விரலில் எடுத்தான்.

"அக்கா, வந்துட்டேன். வாயத் திற."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. அவன் கையை வழக்கம்போல அவள் முகத்தருகே கொண்டுபோனான். அவள் முகர்ந்தாள். இன்னொரு தரம், ஆழமாக, தேடுகிற மாதிரி முகர்ந்தாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாந்தான் அக்கா. மாவாண்டி. என் குரல் தெரியல?"

தெரியவில்லை. குரலும் முகத்தோடு என்றைக்கோ போய்விட்டிருந்தது. அவளுக்குத் தம்பி என்று மிஞ்சியிருந்தது அந்த மாவு வாசனை ஒன்றுதான். அதைத்தான் அவன் ஐந்து வாரமாகத் தோல் உரிய உரியத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அது அவனுக்குப் புரிந்தது. எதிரில் போட்டோக்காரர், "சார், கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்றார்.

பிரிவுத் தலைவர் தன் குறிப்பேட்டில் எழுதினார்: 'துகள் இல்லை. ஊட்டல் வெற்றி. நோயாளி ஒத்துழைக்கவில்லை.'

மறுநாள் காலை அக்காவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். சாப்பிடாதவளுக்கு வேறு வழியில்லை என்று வார்டு டாக்டரம்மா சொன்னார். அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கட்டிலுக்குமேல், வாய்வழி உணவு கூடாது என்று ஒரு அட்டை தொங்கியது.

மாவாண்டி நேரே பேக்கரிக்குப் போனான். முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்தார், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். ஈஸ்ட் போட்டு ஊறிக்கிடந்த மாவில் முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தான். வெடித்த தோலில் நெருப்பாக எரிந்தது. மத்தியானம் வரை பிசைந்துவிட்டு, கழுவாமல், துடைக்காமல், வேலைச்சட்டையோடு பஸ் ஏறினான்.

வாசலில் பஞ்சுக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குச்சியை எடுத்தாள். இயந்திரம் தொள்ளாயிரத்து நாற்பது என்றது. அவள் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நோட்டில் 'பூஜ்யம்' என்று எழுதினாள்.

"சீக்கிரம் போங்க," என்றாள். "தலைவர் நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார்."

அக்கா கண்ணை மூடிக்கிடந்தாள். ஒரு மூக்கில் குழாய், அதன்மேல் பிளாஸ்திரி. மாவாண்டி கட்டில் ஓரம் மண்டியிட்டு, அடைக்காத மூக்கருகே கையை வைத்தான். ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தாள்.

வந்த அவசரத்தில் அவன் ஊட்ட ஒன்றும் கொண்டு வரவில்லை. கிண்ணம் இல்லை, சமையலறையில் அக்கா பெயருக்குத் தட்டும் இல்லை. குழாய் போட்டதும் அதை நிறுத்தியிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். அவன் வெறும் கையோடு அங்கும் இங்கும் பார்த்தான். கதவோரம் நின்ற நர்ஸ் அவனையும் அட்டையையும் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

"இங்க வாப்பா," என்றார் நாலாம் கட்டில் தையல்காரர். அவர் மடியில் மத்தியானத் தட்டு இருந்தது. "கிட்ட வராதே, அங்கயே நில்லு. கைய நீட்டு." தன் ஸ்பூனால் மசித்த உருளைக்கிழங்கை அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து, ஸ்பூன் படாமல் அவன் உள்ளங்கையில் போட்டார். அந்த ஆஸ்பத்திரியிலேயே துகளுக்குப் பயப்பட வேண்டிய ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சாண் இடைவெளி.

நாலு வாய் சாப்பிட்டாள் அக்கா. நாலாவது வாயில் அவன் விரலை உதட்டால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. மாவாண்டி வாய் விட்டு அழுதான். அப்புறம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அன்றைக்கே எல்லாம் தெரிந்துபோயிற்று. தரையில் மாவுத் தடம் இருந்தது, இயந்திரத்துக்குள் எண்ணும் பதிவாகியிருந்தது. பஞ்சுக்காரம்மாவைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். மாவாண்டிக்கு வளாகத்தில் கால் வைக்க ஆயுள் தடை போட்டார்கள். அக்கா அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தாள். குழாயில் போன பால் நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சல் வந்ததாக டாக்டர் சொன்னார். பிரிவின் அறிக்கையில் காரணம் வேறாக இருந்தது: 'தொள்ளாயிரத்து நாற்பது.'

உடம்பை மஞ்சள் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். சீல் வைத்த உறையில் சால்வையையும் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்று ஆரம்பித்து, மறைந்த தங்கள் சகோதரி பயன்படுத்திய கட்டில், மெத்தை, சுவர் ஆகியவை முழுமையாகத் துடைத்துச் சோதிக்கப்பட்டன என்றும், அவருடைய எந்தத் துகளும் இப்போது வளாகத்தில் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வதாகவும் முடிந்திருந்தது. கையெழுத்துக்குக் கீழே பூஜ்யம் என்று முத்திரை.

மாவாண்டி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். மாவைக் கொட்டினான், தண்ணீர் விட்டான், பிசைந்தான். பாதியில் நிறுத்தி, கையைத் தன் மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்த்தான். பிறகு ஆழமாக இன்னொரு தரம். இருபத்தாறு வருஷமாக மாவிலேயே கிடக்கிறவனுக்கு அந்த வாசனை தெரிவதில்லை. அதைத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.